பாக்கியம் காவல் இருந்த பொட்டல்

புதிதாகக் காக்கி போட்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும், எழுதியே தந்துவிடுகிறேன் என்றேன். பூட்டு, சாவி, பாரா, ஆள் எண்ணுவது எல்லாவற்றையும் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அதிலெல்லாம் நான் பெரிய கெட்டிக்காரனும் இல்லை. நான் எழுதப்போவது கட்டப்படாமலே போன ஒரு சிறையைப் பற்றி. சிறைக்குள் வேலை பார்த்த இத்தனை வருடங்களில் நான் திணறியதைவிட, அந்தச் சிறை வேண்டாம் என்று ஓர் ஊர் எழுந்து நின்ற சில மாதங்களில் திணறியதுதான் அதிகம்.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிளைச் சிறைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். இடம் போதாத பழைய கட்டடம். படுத்திருக்கும்போது ஒருவன் புரண்டால் வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் புரண்டாக வேண்டும். பெரிய சிறை ஒன்று கட்டுவதற்கு அரசாங்கம் இடம் தேடிக்கொண்டிருந்தது. இலுப்பூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தின் ஓரத்தில் பொட்டல் ஒன்று அகப்பட்டது. ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன், அவர்கள் என்னை விட்டுவைத்ததற்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும். சீமைக் கருவேல மரமும் பாறையும் தவிர அந்தப் பொட்டலில் எதுவும் கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள் போவார்கள், வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் பார்த்தபோது அதைவிட நல்ல இடம் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது.

ஊருக்கு அப்படித் தோன்றவில்லை. செய்தி வாட்ஸப்பில் பரவிய அன்றே சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சமாதானப் பேச்சுக்குப் பள்ளிக்கூட வாசலில் ஷாமியானா போட்டோம். வருவாய்த் துறைக்காரர்கள் சாமர்த்தியசாலிகள். ஜெயிலைப் பற்றிய சந்தேகத்துக்கு ஜெயிலரே பதில் சொல்லட்டும் என்று என்னை முன்வரிசை நாற்காலியில் தள்ளிவிட்டு, அவர்கள் பின்னால் உட்கார்ந்து மோர் குடித்தார்கள்.

கேள்விகள் வந்தன. "ராத்திரி சங்கு ஊதுனா பச்சப்புள்ளைங்க தூங்குமா?" "பொண்ணு பாக்க வாரவன், ஜெயிலு இருக்குற ஊரான்னு கேட்டுட்டுத் திரும்பிப் போவான்ல?" "ஆழ்துளை போட்டு எங்க தண்ணி முச்சூடையும் உறிஞ்சிருவீக." தண்ணீர்க் கேள்வி நியாயமானது, அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மற்றவற்றுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

"தப்பிச்சு ஓடுறவன் நேரா எங்க வீட்டுக்குள்ளதான வந்து நிப்பான்?" என்று ஒருவர் கேட்டார்.

"தப்பிக்கிறவன் பஸ் ஏறி அவன் ஊருக்குத்தாங்க போவான். ஒங்க ஊருக்குத்தான் ஒழுங்கா ஒரு பஸ்ஸுகூட இல்லையே, மாட்டிக்குவான்" என்றேன்.

கூட்டம் சிரித்துவிட்டது. நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அம்பலம் எழுந்தார். அந்தப் பக்கத்து ஊர்களில் கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற தலைக்கட்டுக்கு அம்பலம் என்று பேர். எழுபதைத் தாண்டிய மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு பேசினார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இத்தன வருசமா நீங்க ஜெயில்ல இருக்கீங்க. எங்க ஊர்க்காரன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஒங்க ஜெயிலுக்குள்ள வந்திருக்கானா? சொல்லுங்க. வந்திருந்தா நாங்க இப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போறோம். இல்லேல்ல? அப்ப எங்க ஊருக்கு எதுக்கு சார் ஜெயிலு?"

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அதுவரை எல்லோரையும்விடச் சத்தமாகக் கோஷம் போட்டவர் அவர்தான். இப்போது வாய் மூடியிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை எனக்குத் தெரியும். பெயர் பாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தாய் மகன் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கைதியைப் பார்க்க உறவினர் வருவதை நம் சிறைப் பேச்சில் மனு என்கிறோமே, அந்த மனுவுக்கு அவர் வாரந்தவறாமல் வருகிறவர். அவருடைய ஒரே மகன் முத்து எங்களிடம் விசாரணைக் கைதியாக இருந்தான். சிங்கப்பூருக்குப் போக எல்லா ஏற்பாடும் முடிந்த நேரத்தில், கல் உடைக்கும் கிரஷரில் கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறான். அங்கே ஒரு வாய்ச்சண்டை. இவன் தள்ளிவிட, கீழே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஊருக்கோ அவன் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த அம்மாதான் அப்படிச் சொல்லி வைத்திருந்தார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவி ஜெயிலர், உங்களைப் போலப் புதிதாக வந்தவர், என் காதில் கிசுகிசுத்தார். "சார், அந்தப் பச்சைச் சேல நம்ம முத்துவோட அம்மாதானே? சொல்லிருவமா? இத்தோட முடிஞ்சிரும் சார்."

அவர் கணக்கு சரிதான். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். நான் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், "எனக்குத் தெரிஞ்சு அப்படி யாரும் இல்லீங்க" என்றேன்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பின்னால் மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள். ஜெயிலரே ஊர் பக்கம் பேசிவிட்டார் என்று மறுநாள் எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. எழுதிக் கொடுத்தேன், போயிற்று. உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மனு அறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் முகம் உங்களுடையது அல்ல. அதை வெளியே எடுத்து வந்து எந்த நல்ல காரியத்துக்கும் செலவு செய்யாதீர்கள். அரசாங்கத்தின் காரியத்துக்குக்கூட.

பேச்சு முறிந்தது. அதற்குப் பிறகு ஊர் செய்ததை எந்த அதிகாரியும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் காப்புக் கட்டிவிட்டார்கள்.

அந்த ஊர் அய்யனாருக்குப் புரவி எடுப்பு உண்டு. மண்பானை வனையும் வேளாரிடம் மண் குதிரைகள் செய்யச் சொல்லி, ஊர்வலமாகத் தூக்கிப்போய்க் கோயிலில் நிறுத்தும் திருவிழா. அதற்கு முன்னால் பூசாரி ஊர் எல்லையைச் சுற்றி வந்து, வேப்பிலைத் தோரணம் கட்டி, கையில் காப்புக் கட்டுவார். காப்பு இருக்கும்வரை ஊர் மண்ணில் கடப்பாரை இறங்கக் கூடாது. ஊர்க்காரர் யாரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது, வெளிநாட்டில் பிழைக்கிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. சாவுத் தீட்டு உள்ளவர் எல்லைக்குள் வரக் கூடாது. ஊருக்குள்ளேயே சாவு விழுந்தால் காப்பு முறிந்துபோகும். எல்லாம் வழக்கமாக எட்டு நாள் கட்டுப்பாடு. இவர்கள் காப்பைக் கட்டிவிட்டு, புரவி எடுப்புக்குத் தேதியே குறிக்கவில்லை. ஜெயில் இல்லை என்று உத்தரவு வரட்டும், குதிரை எடுக்கிறோம், அதுவரை காப்பு அப்படியே இருக்கும் என்று அம்பலம் சொல்லிவிட்டார்.

பொட்டலை என்ன செய்வது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒரு தகராறு. அய்யனாருடைய பழைய எல்லைக்கல் பொட்டலுக்கு இந்தப் பக்கம், ஊரை ஒட்டியே நிற்கிறது. அப்படியானால் பொட்டல் எல்லைக்கு வெளியே, அங்கே கடப்பாரை இறங்கலாம் என்று ஆகிவிடும். யோசித்து, பழைய கல்லை அப்படியே விட்டுவிட்டு, பொட்டலின் அந்தக் கோடியில் புதிதாக ஒரு தோரணம் கட்டினார்கள். பூசாரிக்கு மனசில்லை. சாமியின் எல்லையை நாமாக நீட்டக்கூடாது என்று முனகினாராம். ஆனாலும் கட்டினார். அளவுக்கல் நட வருகிறவர்களைத் தடுக்க, ஊர் முறை போட்டுப் பொட்டலில் காவல் இருந்தது.

எங்கள் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. மேலே இருந்து படம் எடுக்க ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டார்கள், அது கருவேல மரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. போலீஸை வைத்து உள்ளே போகலாம் என்றால், சாமி காரியத்தில் கைவைத்து மாவட்டமே பற்றிக்கொள்ளும் என்று பயம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் ஓடி வந்தார்கள். கல்யாணங்கள் தள்ளிப்போயின. துபாயிலிருந்து விடுப்பில் வந்தவர் மாமியார் வீட்டில் ஒரு நாள் தங்க முடியாமல் பொழுதுக்குள் ஊர் திரும்பினார். ஆஸ்பத்திரியில் படுத்துவிட்ட நோயாளிக்கு மட்டும் விலக்கு, துணைக்குப் போகிறவருக்குக் கிடையாது. ஊரில் ரொம்ப வயதானவர் ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நான் போயிட்டா ஜெயிலு வந்துரும்ல, ஒழுங்கா ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் குடுங்கடா" என்று அதிகாரம் செய்வாராம். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் சிரித்திருக்கிறோம்.

இப்படி இருக்கையில் ஒருநாள் மனு முடிந்து வெளியே வந்த பாக்கியம் அம்மா, வாசலில் என்னைப் பார்த்து நின்றார். கூட்டத்தில் நடந்ததற்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

"சார், அந்த ஜெயிலு வந்துருமா, வராதா?"

"தெரியலம்மா. நீங்கதான வேணாம்னு கத்துனீங்க."

"கத்துனேன். கத்தாம இருந்தா ஏன் கத்தலன்னு கேப்பாக." தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு மனசு வரட்டும்னு சொல்லுது சார். வந்துருச்சுன்னா எம்மகன் பொடிநடையா போற தூரத்துல இருப்பான். இம்புட்டுத் தூரம் பஸ்ஸுல கெடந்து வர வேணாம். இன்னொரு மனசு, அய்யய்யோ வேணாம்ங்குது. வந்துட்டா ஊரு முச்சூடும் பாத்துரும்ல. ஒங்களுக்கு எது சரின்னு படுது?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு போங்கம்மா என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த மாதம் முத்துவுக்குக் கண் மஞ்சளாயிற்று. முதலில் காமாலை என்றார்கள், பிறகு கல்லீரலே கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காவலோடு படுக்க வைத்தோம். பாக்கியம் அம்மா காலை முதல் பஸ்ஸில் கஞ்சியோடு வருவார். சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். துணைக்கு இருக்கிறவர்கள் எல்லோரும் இரவில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்க, இவனுக்கு மட்டும் கட்டிலுக்குக் கீழே யாரும் கிடையாது. எங்கள் காவலர் ஒருவர்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஊரில் கேட்டால், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தார்.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் அலைந்து ஜாமீன் வாங்கித் தந்தார். காவல் விலகியது. கையில் விலங்கு இல்லாமல் படுத்திருந்தவனைப் பார்க்கப் போனேன். வயிறு வீங்கி, கன்னம் ஒட்டி, இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அறுபது வயது முகம்.

"சார், நான் வீட்டுக்குப் போகணும்" என்றான். "ஆத்தாகிட்ட சொல்லுங்க. ஒரு நாளு போதும்."

அன்று மதியமே எனக்கு மேலிடத்திலிருந்து போன். யார், எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம். பேசியவர் கெட்டவரும் இல்லை.

"அந்தப் பையனுக்கு ஜாமீன் ஆயிருச்சாமே. டாக்டர் நாள் கணக்குத்தான்னு சொல்றாராம். பாவம், வீட்ல போய்ச் சாகட்டும். நானே ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். இன்னிக்கே அனுப்பிருங்க."

"அவுங்க ஊர்ல காப்புக் கட்டியிருக்கு சார்."

அவர் மெதுவாகச் சொன்னார். "தெரியும். அதுக்கும் சேத்துத்தான். அனுப்புறது மனிதாபிமானம். அதுக்கப்புறம் நடக்குறது நம்ம கையில இல்ல. காப்பு முறிஞ்சா மறுநாளே கல்லு நட்டுரலாம். ஒங்க ஜெயில்லயும் நெரிசல் குறையும்ல?"

போனை வைத்தேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பையன் கேட்டதும் அதுதான். சட்டத்திலும் தடையில்லை. என் சிறையில் மனிதர்கள் அடைபட்டுக் கிடந்ததும் உண்மை, அவர்களுக்குப் புது இடம் வேண்டும் என்று உங்களைவிட அதிகமாக ஆசைப்பட்டவன் நான். ஆனாலும் ஒரு சாவை எடுத்துக்கொண்டு போய் ஓர் ஊரின் நடுவில் வைப்பதற்கு நான் வண்டி பிடித்துக் கொடுக்க வேண்டுமா என்று உடம்பெல்லாம் கூசியது. தம்பிகளே, இரக்கமும் இலாகாவின் வசதியும் ஒரே பக்கம் நின்று உங்களைக் கூப்பிடும் நாள் வரும். அன்று மட்டும் உடனே எழுந்து போய்விடாதீர்கள்.

நான் செய்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாக்கியம் அம்மாவை உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். மகன் கேட்டது, டாக்டர் சொன்னது, ஆம்புலன்ஸ் எதற்காக வந்து நிற்கிறது என்பது எல்லாம். "கூட்டிட்டுப் போறதும் போகாததும் ஒங்க முடிவும்மா. நீங்க எதச் சொன்னாலும் அதுதான் நடக்கும். மத்தத நான் பாத்துக்குறேன்."

அவர் அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சிங்கப்பூர்ல இருந்து ஒடம்பு முடியாம வந்துட்டான்னு சொல்லிருவேன் சார். அது ஒண்ணும் பெருசில்ல. ஆனா அங்க வந்து உசுரு போச்சுன்னா?"

அதற்கு அவரே பதிலும் சொன்னார்.

"காப்பு போயிரும். ஜெயிலு வந்துரும். அந்தச் செவத்தப் பாக்குறப்பெல்லாம், பாக்கியம் மகனாலதான் வந்துச்சும்பாக. எம்புட்டு வருசம் ஆனாலும் அந்தப் பேச்சு போகாது. செத்த பெறகும் எம்புள்ள பேரு ஜெயிலோடயே கெடக்கணுமா சார்? இருந்தப்பக் கெடந்தது பத்தாதா?"

எழுந்து உள்ளே போனார். கதவோரம் நின்ற எனக்குக் கேட்டது. "காப்பு அவுத்ததும் போவம்யா. புரவி எடுப்புக்கு நீ இருக்கணும்ல. கொஞ்சம் பொறுத்துக்கய்யா." அவன் சரி என்று தலையை ஆட்டினான். ஆம்புலன்ஸை நான் திருப்பி அனுப்பினேன். மேலிடத்துக்குத் தாய் சம்மதிக்கவில்லை என்று சொன்னேன். மறுமுனையில் போன் வைக்கப்பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பொறுத்துக்கொள்ள அவனுக்கு நேரம் இல்லை. இரண்டு நாள் கழித்து விடிகாலையில் போய்விட்டான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எங்கள் காவலரும் அப்போது இல்லை, ஜாமீனில் விட்டவனுக்கு எதற்குக் காவல். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் வாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னதும் நான் நேராகப் பஸ் நிலையத்துக்குப் போய் நின்றேன். போனில் சொல்லலாம்தான். ஊருக்குள் இருக்கும்போது சொன்னால் அவர் அங்கேயே கதறிவிடுவார், அவர் இத்தனை நாள் மூடி வைத்தது எல்லாம் உடைந்துபோகும் என்று பயந்தேன். பஸ் வந்தது. கஞ்சித் தூக்கோடு இறங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். தூக்கைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நகரத்துச் சுடுகாட்டிலேயே முடித்தோம். பெண்கள் அங்கே வருவதில்லை என்று யாரோ சொன்னார்கள், அவர் காதில் வாங்கவில்லை. யார் கொள்ளி வைக்கிறது என்று வெட்டியான் கேட்டபோது, அவர் என்னைக் காட்டினார். "அவனத் தெரிஞ்சவுக வேற யாரு இங்க இருக்கா? நீங்களே வச்சிருங்க சார்." உள்ளே வைத்துப் பூட்டியவன் கையாலேயே கொள்ளி. உதவி ஜெயிலர் பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் என் காதில் கிசுகிசுத்த அதே பிள்ளைதான். அவர் அழுததை நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

பொழுது இறங்கிவிட்டது. பஸ் நிலையத்துக்கு நானே கூட்டி வந்தேன். அவர்கள் ஊர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. படியில் கால் வைக்கப்போனவர் நின்றுவிட்டார்.

"சார், நான் இப்ப எங்க போறது?"

முதலில் எனக்குப் புரியவில்லை.

"பெத்த புள்ள செத்த தீட்டு. ஊருக்குள்ள காலு வைக்கக் கூடாது. வெளிய தங்குனாலும் காப்பு போயிரும். எம்மகனக்கூட உள்ள கொண்டு போகல. அதக் காப்பாத்தத்தான் இம்புட்டும் பண்ணேன். இப்ப நானே அதக் கெடுத்துருவேன் போல சார். எங்கதான் போறது?"

எங்கள் வீட்டுக்கு வாங்கம்மா என்றேன். அது வெளியே தங்குவது. யாருக்கும் தெரியப்போவதில்லை, பேசாமல் வீட்டுக்குப் போங்க என்றேன். "சாமிக்குத் தெரியும்ல" என்றார். நடத்துனர் விசில் அடித்தார். அவர் ஏறி, பின் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் போனது. அவர் எங்கே இறங்குவார் என்று தெரியாமலே நான் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வாரம் போகவில்லை, உத்தரவு வந்துவிட்டது. தண்ணீர் வசதி போதாது, சிறைக்கு வேறு இடம் பார்க்கப்படும் என்று. முதல் கூட்டத்திலேயே அவர்கள் சொன்ன காரணம்தான். இதைக் கண்டுபிடிக்க நமக்கு இத்தனை மாதம் ஆயிற்று. வேறு இடம் இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழைய சிறையில் இப்போதும் ஒருவன் புரண்டால் எல்லோரும் புரள்கிறார்கள்.

ஊர் உடனே புரவி எடுப்பு வைத்தது. அம்பலம் எனக்குப் போன் போட்டு அழைத்தார். எதிர்க்கட்சிக்காரன் வரலாமா என்றேன். "நீங்கதான சார் மைக்கப் புடிச்சு எங்க ஊரு சுத்தம்னு சொன்னீங்க, வாங்க" என்றார். போனேன். பாக்கியம் அம்மா என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன், குதிரை பார்க்க அல்ல.

மண் குதிரைகள் தோளில் ஏறி வந்தன. மேளம் காதைப் பிளந்தது, பெண்கள் குலவை போட்டார்கள். அந்த வரிசையில் அவர் இல்லை. கோயிலில் அம்பலம் எனக்கு விபூதி கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்தார். மனிதருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"இத்தன மாசமும் ஒரு ஆளு எல்ல தாண்டித் தங்கல சார். ஒரு தீட்டு உள்ள வரல. அய்யனாரு கண்ணத் தொறந்துட்டாரு. அதுலயும் ஒரு பொம்பள, பாக்கியம்னு. கடைசி ரெண்டு வாரமும் முறையே வேணாம், நானே காவலுக்கு இருக்கேன்னுட்டு அந்தப் பொட்டல்லயே கெடந்துச்சு. வீட்டுக்கே போகல. சோறு கொண்டுபோனா, அங்கனயே வச்சிட்டுப் போங்கங்கும், கிட்டக்க வர விடாது. விரதமாம். ஒத்த மகன், அவனும் சிங்கப்பூர்ல. அவன் வரட்டும் சார், ஒங்க ஆத்தா எப்பேர்ப்பட்டவடான்னு நானே சொல்லப்போறேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். "ஆமாங்க" என்றேன்.

"இன்னும் அங்கிட்டுத்தான் இருக்கு. கூப்புட்டுவிட்டேன், காப்பு அவுக்கட்டும் வாரேன்னுருச்சு. நீங்க அந்த வழியாத்தான போறீங்க, இத அது கையில குடுத்துருங்க. இந்த வருசம் மொத மரியாத அதுக்குத்தான்." இலையில் விபூதியும் குங்குமமும் ஒரு மாலையும் வைத்து என் கையில் கொடுத்தார்.

பழைய எல்லைக்கல்லைத் தாண்டி நடந்தேன். பொட்டலின் அந்தக் கோடியில் புதுத் தோரணத்தின் வேப்பிலை காய்ந்து தொங்கியது. நடுவில், கருவேல மர நிழலில், சாக்கை விரித்து அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குடம், அன்று பஸ் நிலையத்தில் பார்த்த அந்தத் தூக்கு. மெலிந்து போயிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"அங்கனயே வைங்க சார். நான் இன்னும் தொடக் கூடாது."

இலையை ஒரு பாறை மேல் வைத்தேன். மாலை காற்றில் பறந்துவிடாமல் ஒரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

"கல்லுக்கு இந்தப் பக்கம் சாமியோட எல்ல கெடையாது, தீட்டு உள்ள போனதா ஆகாது. ஊரு கட்டுன தோரணத்துக்கு அந்தப் பக்கம் போகல, வெளியவும் தங்கல. யோசிச்சுத்தான் சார் அன்னிக்கு பஸ்ஸ விட்டு இங்கன எறங்குனேன்." சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். எல்லைக்கல்லிலிருந்து தோரணம்வரை, நாங்கள் வரைபடத்தில் சுவர் கோடு போட்டிருந்த அந்த வெற்று நிலத்தை.

"ஜெயிலு வந்திருந்தா அவன் இங்கனதான சார் இருந்திருப்பான்" என்றார்.